குரலுக்குக் கீழே

வாசித்த பகுதியைத் திரும்பப் போட்டுக் கேட்டபோது, அவளுடைய குரலுக்குக் கீழே வேறு ஏதோ இருந்தது. ‘கடல் காற்று முகத்தில் அறைந்தது’ என்று அவள் அமர்க்களமாக வாசித்திருந்த வரிக்கு அடியில், எங்கோ ஆழத்தில், ஊசியால் கண்ணாடியைக் கீறுவதுபோல ஒரு கிறீச்சல். சில்வண்டாக இருக்கும் என்று நினைத்தாள். மழைக்கு ஒதுங்க இந்தச் சனியனுக்கு என் வீடுதானா கிடைத்தது?

ஒலிப்புத்தகங்களுக்குக் குரல் கொடுப்பது அவள் தொழில். அதற்காகவே, படுக்கையறையை ஒட்டிச் சாமான் போட்டு வைத்திருந்த சின்ன அறையைக் கணவன் பெட்டிபோல அடைத்துக் கொடுத்திருந்தான். சுவரெல்லாம் பஞ்சு, வெளிப்பக்கமாகத் திறக்கும் தடித்த கதவு, கதவைச் சுற்றி ரப்பர் பட்டை. ஜன்னல் கிடையாது. மூச்சுவிடக் கூரையோரத்தில் ஒரு குட்டி விசிறி, ஹாலிலிருந்து காற்றை இழுத்துத் தரும். மைக்கைத் திறந்தால் அதையும் நிறுத்திவிட வேண்டும். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் உலகமே வாயை மூடிக்கொண்ட மாதிரி இருக்கும். அவளுக்கு அந்த அமைதி ரொம்பப் பிடிக்கும். இன்றைக்கு ஏனோ பிடிக்கவில்லை.

காலையிலிருந்து பேய்மழை. கரண்ட் போய்விட்டது, மகளுக்குப் பள்ளி விடுமுறை, கணவனுக்குக் காய்ச்சல். பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்? சாயங்காலத்துக்குள் முழுப் புத்தகமும் போய்ச் சேராவிட்டால் இந்த வேலை வேறொருத்தி கைக்குப் போய்விடும். அவள் முகம் தொங்கிப்போனதைப் பார்த்துவிட்டுக் கணவன் காய்ச்சலோடு எழுந்தான். கொல்லையில் வைத்து ஓட்டுகிற ஜெனரேட்டரை, நனையக் கூடாதென்று, சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கிற இடத்துக்கு இழுத்துவந்து கிளப்பினான்.

“ஜன்னலும் பின்கதவும் திறந்தே இருக்கட்டும். சாத்திடாத, என்ன?” என்று சொல்லிவிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு மகளோடு படுத்துவிட்டான்.

அவள் சாத்தினாள். வேறு என்ன செய்வாள்? ஜெனரேட்டர் சத்தம் கொல்லையைச் சுற்றிவந்து நேரே இந்த அறைச் சுவரில் மோதியது. எறும்பு நடந்தாலும் பிடித்துவிடுகிற மைக்காயிற்றே. துவைக்கிற இடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் கதவு இல்லை என்பது அவளுக்குத் தெரியாததா? ஓர் அத்தியாயம் முடித்துவிட்டுத் திறந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். அத்தியாயம் முடிந்தது, அடுத்தது தொடங்கியது, திறக்க மறந்துபோனாள்.

நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறித்தது. அடைசலில் உட்கார்ந்தால் வலிக்காமல் என்ன செய்யும் என்று விசிறியைப் போட்டுவிட்டு முகத்தை அண்ணாந்து காட்டினாள். ஹால் காற்று குளிர்ச்சியாக இறங்கியது. எந்த வாசனையும் இல்லை. ஆழமாக இழுத்து இழுத்து விட்டாள். வலி குறையவில்லை.

கிறீச்சல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று தெரிந்தால், அதிலிருந்து திரும்ப வாசித்துவிடலாம். ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பதிவைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போனாள். நான்காம் அத்தியாயத்தில் இருந்தது. மூன்றிலும் இருந்தது. இரண்டிலும். எப்படி இதைக் கவனிக்காமல் வாசித்தோம் என்று ஆத்திரமாக வந்தது. ஒலியைக் கூட்டி, வரிக்கும் வரிக்கும் நடுவே தான் மூச்சு வாங்கிய இடைவெளிகளை மட்டும் கேட்டாள். முதல் அத்தியாயத்தின் கடைசியில், ‘படகு கரையை விட்டு விலகியது’ என்பதற்குப் பிறகு, மகளின் குரல் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தூக்கக் கலக்கத்தோடு.

“அப்பா, எந்திரிப்பா. பீரோ கத்துது.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பீரோ கத்துகிறதாம்! ஐந்து வயதுக்கு வாய் எட்டூருக்கு நீளும். வீட்டில் மகளின் பெயரே வாயாடிதான். ஆனால் சிரிப்புக்குப் பின்னால் எதையோ மறந்துவிட்டோம் என்று தோன்றியது. எதை என்று தோன்றவில்லை. மண்டைக்குள் சாணியை அப்பின மாதிரி இருந்தது.

அடுத்த இடைவெளியில், “அப்பா... அப்பா...” என்றாள். கணவனின் குறட்டை மட்டும், கனமாக, விட்டு விட்டு.

அதற்கடுத்ததில் குறட்டையும் இல்லை.

பீரோ.

போன மாதம் கணவன் இரண்டு அபாயமணிகள் வாங்கிவந்தான். மின்சார வேலைக்காரன், ஊரெல்லாம் மாட்டிவிட்டுத் தன் வீட்டை மறந்தவன் என்று அவள் கேலி செய்ததால் வாங்கினான். “புகை மேல போகும், அதனால இது ஹால் கூரைக்கு,” என்று ஏணியில் நின்று பாடம் எடுத்தான். “இன்னொண்ணு, ஜெனரேட்டர் கக்கற விஷவாயுவுக்கு. அதுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூங்கறப்போ நம்ம மூக்கு இருக்கற உயரத்துல, கட்டில் தலைமாட்டுல இருக்கணும்.” தலைமாட்டில்தான் மாட்டினான். பேட்டரி தீர்ந்துபோய் அது ஒருநாள் முழுக்க விட்டு விட்டுக் கத்தி, ஓர் அத்தியாயத்தையே நாசமாக்கியது. கழற்றிப் பீரோவில், போர்வைகளுக்கு நடுவே செருகியவள் அவள்தான். அவன் புதுப் பேட்டரி போட்டான். “எடுத்து மாட்டும்மா,” என்றான். “நாளைக்கு,” என்றாள். நாளைக்கு, நாளைக்கு என்றே மாதம் ஓடிவிட்டது.

“ஒத்தையா கத்துனா பேட்டரி. நாலு நாலா கத்துனா செருப்பைக்கூடத் தேடாத, வெளிய ஓடு.”

ஹெட்போனில் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நிசப்தம். மறுபடி நான்கு.

எழுந்தாள். எழவில்லை. எழுந்ததாக நினைத்திருக்கிறாள். தலைக்கு மேலே விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது, ஹாலிலிருந்து இழுத்து, இழுத்து. நாற்காலி சாய்ந்தது. தரையில் கிடந்தாள். ஹெட்போன் காதிலேயே இருந்தது. பதிவும் ஓடிக்கொண்டே இருந்தது.

அவளுடைய சொந்தக் குரல், கணீரென்று, கடலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்கியது. அந்த இடைவெளியில் சின்னப் பாதங்கள். பட், பட், பட். ஹாலைக் கடந்து. இந்தக் கதவுக்கு. கதவில் ஏதோ உரசி, கீழே இறங்கி உட்கார்ந்தது.

கதவுக்கு வெளியே, மேலே, ஒரு சிவப்பு பல்பு உண்டு. அது எரிந்தால் அம்மா வாசிக்கிறாள். தட்டக் கூடாது. கூப்பிடக் கூடாது. வாய்மேல் விரல் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். எத்தனை முறை திட்டி, எத்தனை முறை அழவைத்துப் பழக்கியிருக்கிறாள்!

காதுக்குள், ரகசியமாக, மூச்சுக்காற்றாக:

“அம்மா, பல்பு எரியுது. நான் பேசவே மாட்டேன். நீ முடிச்சிட்டு வா.”

அது முதல் அத்தியாயம்.

அதற்குப் பிறகு அவள் மூன்று வாசித்திருந்தாள்.

“கண்ணு!” என்று அலறினாள். பஞ்சு அலறலை விழுங்கிக்கொண்டது. ஊர்ந்தாள். கதவைத் தோளால் தள்ளினாள். அசையவில்லை. ரப்பர் பட்டை கவ்விப் பிடித்திருந்தது. மறுபடி தள்ளினாள். பட்டை விட்டது. கதவு விடவில்லை. அந்தப் பக்கம் ஏதோ சாய்ந்திருந்தது. கனமாக. மெத்தென்று.

“தள்ளிக்கோடி தங்கம். அம்மா வந்துட்டேன். தள்ளிக்கோ.”

தள்ளிக்கொள்ளவில்லை.

இருந்த உயிரையெல்லாம் தோளில் திரட்டி முட்டினாள். கதவு ஒரு கை நுழையும் அளவு திறந்தது. அந்தப் பக்கத்துக் கனம் மெதுவாகச் சறுக்கி, பக்கவாட்டில் சரிந்தது. தலை தரையில் மோதுகிற சத்தம் கேட்டது. மகள் முனகக்கூட இல்லை. அவள் கையை நீட்டினாள். எட்டவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. நான்கு, நிசப்தம், நான்கு.

கதவிடுக்கில் மகளின் முகம். கன்னங்கள் ரோஜாப்பூ நிறத்தில். சரிந்து விழுந்தும், உதட்டின்மேல் வைத்த விரலை எடுக்காமல்.