அடியில் தங்கிய மாவு

காலை 10.20. சுங்கை பினாங்கில் ஒரு தனியார் முதியோர் இல்லம். நான்காம் கட்டிலில் சுப்பையா இறந்து கிடந்தார். வாயோரம் மைலோ பானம் வழிந்திருந்தது.

பக்கவாதத்தில் தொண்டை தளர்ந்துபோன மனிதர். நீராக எதைக் கொடுத்தாலும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். மருந்துக்கடையில் விற்கும் மாவைக் கலந்து, கூழ் போலக் கெட்டியாக்கித்தான் புகட்ட வேண்டும். கெட்டியாகாத மைலோ இரண்டே வாயில் அவரைக் கொன்றுவிட்டது.

10.50. இன்ஸ்பெக்டர் ஜெகதீஸ்வரி உள்ளே வந்தபோது, பராமரிப்பாளர் குணவதியின் முன்னால் ஒரு கடிதம் இருந்தது. ‘என் கவனக்குறைவால்தான் இறந்தார்’ என்று நிர்வாகி சண்முகநாதன் தட்டச்சு செய்து வைத்திருந்தார். கையெழுத்து மட்டும் பாக்கி. போட்டால் வேலை போகும், சிறையும் வரலாம்.

சண்முகநாதன் ஒரு தட்டைக் காட்டினார். கெட்டி மைலோ குடிக்கும் ஆறு பேருக்கான கோப்பைகள். ஐந்தை யாரும் தொடவில்லை. ஆறு கோப்பைகளின் அடியிலும் வெள்ளை மாவு படிந்திருந்தது.

“மாவைப் போட்டிருக்கா, கலக்கல. சோம்பேறித்தனம் லா.”

ஜெகதீஸ்வரி குணவதியின் பக்கம் திரும்பினார்.

“எத்தனை பேரைப் பார்த்துக்கிறீங்க?”

“பத்தொன்பது பேரு, மேடம்.”

“கூட யாரு?”

“யாரும் இல்ல. இருந்தவ போன மாசம் நின்னுட்டா. தினம் பன்னிரண்டு மணி நேரம், மாசம் ஆயிரத்து எழுநூறு வெள்ளி சம்பளம். யாரு வருவா?”

“கலக்கினீங்களா?”

“கலக்கினேன். ரெண்டு நிமிஷம் வச்சாத்தான் கெட்டியாகும். அதுக்குள்ள ஒன்பதாம் கட்டில் வடிவம்மாள் விழப் பார்த்தாங்க, ஓடினேன். திரும்பி வந்து கெட்டியாச்சான்னு பார்க்காம கொடுத்துட்டேன். அது என் தப்பு.”

அந்த இல்லத்தில் தன் தப்பைச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

மாவு டப்பாவைப் பற்றிக் குணவதியிடம் விசாரித்தார் ஜெகதீஸ்வரி. புதுசு என்று சொல்லி, காலையில்தான் போஸ் சண்முகநாதன் கொடுத்தாராம். ஆனால் மூடிக்கு அடியில் கிழிக்க வேண்டிய முத்திரைத் தாள் இல்லையாம். மாவு இருக்கும் ஸ்டோர் அறைச் சாவி எப்போதும் சண்முகநாதனின் இடுப்பில்.

11.10. முதியவர்களுக்குக் கொடுப்பது போலவே ஆறின மைலோ ஒரு கோப்பை கேட்டு வாங்கினார் ஜெகதீஸ்வரி. அதே டப்பாவிலிருந்து இரண்டு கரண்டி மாவு போட்டார். கடிகாரத்தைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் கலக்கினார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

11.25. மாவு அடியில். மேலே தண்ணீராக மைலோ.

“சண்முகநாதன், ஒரு நாளாவது உங்க கையால ஒரு கோப்பை கலக்கியிருக்கீங்களா?”

அவர் டப்பாவை மூடப் போனார்; ஜெகதீஸ்வரி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இது சோள மாவு. அடுப்புல கொதிச்சாத்தான் கெட்டியாகும். மருந்துக்கடை மாவு ஆறினதிலயும் கெட்டியாகும். தினமும் கலக்குற குணவதிக்கு அந்த வித்தியாசம் தெரியும். கொதிக்கிற சூப்புல கெட்டியாகுது, மைலோவிலயும் ஆகும்னு நினைக்கிறவரு, ஒரு நாளும் கலக்கிப் பார்க்காதவராத்தான் இருக்கணும். சாவியும் உங்ககிட்டதான். காலி டப்பாவை நிரப்பினது நீங்க.”

அடியில் தங்கிய மாவை எல்லாரும்தான் பார்த்தார்கள். வேலைக்காரியின் சோம்பல் என்று உடனே முடிவு கட்டினார்களே தவிர, அது என்ன மாவு என்று ஒருவரும் கேட்கவில்லை.

விலை ஏறிப்போச்சு என்று முணுமுணுத்தார் சண்முகநாதன். நல்ல மாவுக்கு மாதாமாதம் குடும்பங்களிடம் காசு கேட்டு வாங்கிய வாய் அது.

11.40. அவரைப் போலீஸ் காரில் ஏற்றினார்கள். கையெழுத்தில்லாத கடிதத்தைச் சாட்சிப் பொருளாக எடுத்துக்கொண்டு, குணவதியின் வாக்குமூலத்தை எழுதி முடித்துக் குறிப்பேட்டை மூடினார் ஜெகதீஸ்வரி.

“இன்னொரு வரி எழுதுங்க மேடம். பத்தொன்பது பேருக்கு நான் ஒருத்தின்னு.”

“அது இந்த வழக்குல வராதேம்மா.”

“பின்ன எந்த வழக்குல வரும்?”

ஜெகதீஸ்வரி மறுபடி குறிப்பேட்டைத் திறந்தார்.