கடைமடை நிழல்

"கொஞ்ச நேரம்தான் அண்ணி. தாலி ஏறினதும் நகத்திக்கோங்க. பாயை நான் என்ன வீட்டுக்கா சுருட்டிட்டுப் போகப்போறேன்?"

"முடியாது ஓவியா. எத்தனை தடவை சொல்றது?"

"மாப்பிள்ளை வீட்டு வண்டி வழியில நின்னுபோச்சு. அதுக்கு நாங்க என்ன பண்ணுவோம்? பந்தல்ல அத்தனை பெரியவங்க உக்காந்திருக்காங்க. நிழல் போச்சுன்னா ஒவ்வொருத்தரா சாய்வாங்க. மாமன் பொண்டாட்டி கையில வானமே இருந்துச்சாம், பொண்ணு தலைக்கு மேல ஒரு துண்டு நிழல் இல்லையாம்னு ஊர் பேசும். நீங்க என் பொண்ணு கல்யாணத்துக்கு வராததைக்கூட நான் கேக்கலை."

கடைசி வார்த்தை குத்தியது. மகிழினி நாற்காலியை விட்டு எழுந்தாள். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள். திருச்சி நிழல் மையத்தின் பொறுப்பாளர் அவள். எதிரே திரையில் நிழற்பாய் அகலமாக, வெள்ளியாக, அசையாமல் கிடந்தது.

உலகம் தன் வெப்ப இலக்குகளை ஒவ்வொன்றாகத் தவறவிட்ட பிறகு நெய்யப்பட்டவை அந்தப் பாய்கள். மேகங்களுக்கு மேலே மிதந்து, ஒரு வட்டாரத்தையே மூடி, வெயிலைத் திருப்பி அனுப்பும். ஊருக்கு ஒன்று நெய்ய வசதியில்லை. அதனால், ஒரு காலத்தில் வாய்க்காலில் தண்ணீர் வந்ததுபோல இப்போது நிழல் முறைவைத்து வந்தது. முதலில் திருச்சி, பிறகு தஞ்சாவூர், மன்னார்குடி, கடைமடையில் முத்துப்பேட்டை. முகூர்த்தம் குறிப்பவர்கள் ராகுகாலத்துக்கு முன்னால் நிழல்நேரம் பார்த்தார்கள். முறை தவறி வெளியே நின்றால் ஈரக்காற்றில் வியர்வை காயாது. உடம்பு உள்ளுக்குள்ளேயே வேகும்.

மந்திரிகள் கேட்டே மகிழினி மறுத்திருக்கிறாள். பயிற்சிக் காலத்தில் பழைய உலக மாநாடுகளைப் படமாகப் போட்டுக் காட்டுவார்கள். தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, இலக்கு மிக அவசியம், எங்களுக்கு மட்டும் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்பார்கள். வகுப்பே சிரிக்கும். அதிகம் சிரித்தவள் அவள்தான்.

"அண்ணி, மேளக்காரங்க மேல பாக்குறாங்க அண்ணி..." ஓவியாவின் குரல் உடைந்தது.

"இந்த ஒரு தரம்தான்" என்றாள் மகிழினி. சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது தெரிந்தது.

மேசையில் இருந்த, பாய் நகரும் நேரங்களைப் பதியும் பொறிக்காவலன் கேட்டது: "தாமதத்துக்குக் காரணம்?"

"தவிர்க்க முடியாதது."

"பதிந்தேன். இவ்வாண்டு எல்லா மையங்களும் தந்த எல்லாக் காரணங்களும் தவிர்க்க முடியாதவையே" என்றது அது. பொறிகளுக்குக் கிண்டல் தெரியாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

தாலி ஏறியது. பாய் கிழக்கே புறப்பட்டது. அவளுக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர் ஊற்றினாள், குடிக்க மறந்தாள்.

நடுப்பகல் தாண்டியதும் மகள் ஆதிரை அழைத்தாள்.

"அம்மா, உன் பாய் எங்கம்மா படுத்துத் தூங்குது?"

"நீ எங்கடி இருக்க?"

"முத்துப்பேட்டைச் சேத்துலதான். அலையாத்திக் கன்னு நடவு."

"உனக்கு ராத்திரி வேலைதானே?"

"சாயங்காலம் ரிசப்ஷனுக்கு வர வேணாமா? பகலுக்கு மாத்திக்கிட்டேன். உனக்குச் சொல்லாம வந்து நிக்கலாம்னு பாத்தேன்." சிரிக்க முயன்றாள், மூச்சு வாங்கியது. "படகு தண்ணி ஏறினாத்தான் வரும். குளிர்சட்டையில சார்ஜ் நிழல் வர்ற நேரம் வரைக்கும்தாம்மா தாங்கும். எல்லாருக்கும் தீரப்போகுது. கூட இருக்கிற அக்கா ஒருத்தங்க பேச்சு குழறுது."

திரையில் பாய் மன்னார்குடிக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. தஞ்சாவூரில் ஒரு அடிக்கல் நாட்டு விழாவுக்காக நின்றிருக்கிறது. தவிர்க்க முடியாதது. இப்போது மன்னார்குடி. அதுவும் தவிர்க்க முடியாதது.

மன்னார்குடி மையத்தின் ஜபருல்லா உடனே எடுத்தார். பின்னால் கொட்டுச் சத்தமும் கூட்டத்தின் இரைச்சலும் கேட்டன.

"தேரு நடுத்தெருவுல நிக்குதுக்கா. வடம் பிடிச்சு அத்தனை சனம் நிக்குது. நிலைக்கு வந்ததும் விட்டுடுறேன். கொஞ்ச நேரம்தான்."

"தேரை நேரத்தோட கிளப்பியிருக்க வேண்டியதுதானே?"

"நிழல் வந்தாத்தானே கிளப்புறது?" அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "நீங்க காலையில பிடிச்சு வெச்சீங்க. தஞ்சாவூர்ல ரெண்டாவது. எங்க ஊருக்கு வரும்போது மணி என்ன? உங்க காரணம் என்னன்னு நான் கேட்டேனாக்கா? யாருக்குத்தான் காரணம் இல்லை?"

மகிழினி திரையைப் பார்த்தாள். இன்னொரு அழைப்பில் ஆதிரையின் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வடம் பிடித்து நிற்பவர்களின் தலைகள் திரையில் எள்ளாய்த் தெரிந்தன. அதற்கு மேலே வெள்ளிப் பாய். அதற்குத் தெற்கே கடல் வரைக்கும் ஒரே வெளுப்பு.

எல்லோரும் இதுவரை அவளிடம் சொன்ன வார்த்தைகள்தான் அவள் வாயில் வந்தன.

"தம்பி, நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் கேட்டதில்லை. தேருக்குக் கொஞ்ச நேரம் வெயில் பட்டா என்ன ஆயிடும்? எனக்காக இந்த ஒரு தரம் மட்டும் பாயை விட்டுடுங்க தம்பி..."