பதினொரு நிமிடம் அசையாமல்

வந்திருந்தவர்கள் மூன்று பேர். பெட்டிக்குள் சீட்டு நான்கு இருந்தது.

அவள் திரும்ப எண்ணினாள். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியின் மூடியில் தானே கத்தியால் கீறிய துளை, தானே வெட்டிக் கொடுத்த வெள்ளைச் சீட்டுகள். வெட்டும்போது ஒன்று கூடுதலாகப் போயிருக்கும், யாரோ ஒருவர் இரண்டு எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். வேறு எப்படி நினைப்பது?

அன்று மதியம் தன் வீட்டு முன்னறையில் தான் எடுத்த, தங்கையின் ஏழு படங்களை வரிசையாக மாட்டிவைத்து, கெஞ்சாத குறையாக அந்த மூன்று பேரையும் கூப்பிட்டிருந்தாள். ஃபிரேம் கடைக்காரர், எதிர்வீட்டுப் பல் டாக்டர் அம்மா, பத்திரிகை ஒன்றில் முப்பது வருடம் படப்பிரிவைக் கட்டி ஆண்ட கத்தரி. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. எப்பேர்ப்பட்ட ஆள் கொண்டுவந்த படமாக இருந்தாலும் பாதியை வெட்டித் தள்ளிவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புவார். "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்று கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப்போயிருந்தது. அதனால்தான் இந்த ஏற்பாடு. ஆளுக்கு ஒரு சீட்டு, ஒரு பென்சில். பெயர் வேண்டாம், பாராட்டு வேண்டாம். ஒரே ஒரு குறை, உள்ளது உள்ளபடி.

பெயர் இல்லாவிட்டால் மட்டும் ஆள் தெரியாதா என்ன. "கறுப்பு ஃபிரேம் போட்டால் இன்னும் எடுப்பாக இருக்கும்." "ஒரு படத்திலாவது பல் தெரியச் சிரித்திருக்கலாம்." "ஏழு அதிகம். நான்கு போதும்." மூன்றையும் படித்துவிட்டு லேசாகச் சிரித்தாள். நான்காவதைப் பிரித்தாள். தாள் கிழிந்துவிடும் அளவுக்குப் பென்சிலை அழுத்தி எழுதியிருந்தது.

"ஆள் அசைகிறாள்."

உண்மைதான். அவள் எடுப்பது யாரும் எடுக்காத விதமான படங்கள். மரப்பெட்டிக் கேமரா, ஊசிமுனை அளவுத் துளை, ஃபிலிமுக்குப் பதிலாக நேரடியாகப் படமே விழுகிற மந்தமான தாள். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு முகம் அதில் முழுதாக இறங்கப் பதினொரு நிமிடம் ஆகும். அதுவரை உட்கார்ந்திருப்பவர் அசையக்கூடாது. பின்கழுத்தைத் தாங்க நாற்காலிக்குப் பின்னால் ஒரு இரும்புக் கவை உண்டு. துளையின் மூடியைத் திறந்ததும் அவள் அறையைவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அது மரப்பலகைத் தரை. பக்கத்தில் நடந்தால் கேமரா அதிரும். அது மட்டுமல்ல, யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் முகம் வேஷம் போடும் என்பது அவள் கட்சி. தனியாக விட்டால்தான் அது தன் பாட்டுக்கு அடங்கும். அப்படி எடுத்த ஏழு படங்களிலும் தங்கையின் ஓரங்கள் புகைபோலக் கலைந்திருந்தன. அதைப் பார்ப்பவர்கள் கலை என்றார்கள். அவளுக்கு மட்டும் தெரியும், அது தங்கை சும்மா இருக்காததால் வந்தது என்று.

அம்மா போய் எட்டு மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டதிலிருந்து அலமாரித் துணிகளை மூட்டை கட்டியதுவரை எல்லாம் அவள்தான் செய்தாள், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல். பல் பிடுங்க ஊசி போட்டபிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாலும் தெரியாதே, அந்த மாதிரி ஆள் முழுக்க மரத்திருந்தது. சாப்பாடு ருசிக்கவில்லை, பாட்டு காதில் ஏறவில்லை, அழுகிற தங்கையைப் பார்த்தால் மூக்கைத் துடைக்கக் கைக்குட்டை எடுத்துக் கொடுக்கத் தோன்றியதே தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. அந்த இரண்டு வார்த்தைகளைப் படித்தபோது எங்கோ சுருக்கென்றது. வலித்தது. வலிக்கிறதே என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

தங்கையை வீட்டில் வண்டு என்பார்கள். மருந்துக்கடையில் வேலை. நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தும் காலாட்டாமல், எதையாவது முனகாமல், பாட்டிலைத் திறந்து மூடாமல் ஐந்து நிமிடம் இருக்கமாட்டாள். அக்கா எட்டு மாதமாகத் தன்னிடம் கேட்டது இது ஒன்றைத்தான் என்பதால் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இந்தத் தடவை அசையவே கூடாதுடி."

"என்னை விட்டுட்டு ஒரு தலையணையை உட்கார வைக்கா. சொன்ன பேச்சு கேக்கும்."

மூடியைத் திறந்துவிட்டு அவள் வெளியே வந்தாள். கையில் சமையலறை டைமர். கதவுக்கு அந்தப் பக்கம் வண்டின் முனகல் கொஞ்ச நேரம் கேட்டது. மூன்றாவது நிமிடத்தில் நின்றுபோனது. பரவாயில்லையே என்று நினைத்தாள்.

குளியலறையைத்தான் இருட்டறையாக்கி வைத்திருந்தாள். சிவப்பு விளக்கு, வினிகர்போல் மூக்கைக் குத்தும் ரசாயன வாடை, எங்கோ சொட்டிக்கொண்டிருக்கும் குழாய். தட்டிலிருந்த திரவத்தில் தாளை ஆட்ட ஆட்ட முகம் எழுந்து வந்தது. தாடையும் கன்னமும் கோடு போட்டாற்போல் கூர்மையாக இருந்தன. தோளும் மார்பும் மட்டும் கொஞ்சம் கலங்கியிருந்தன. இவ்வளவு நல்ல படத்தை அவள் இதுவரை எடுத்ததில்லை.

தங்கை கதவோரம் நின்று கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்கா, இனிமே தாடையைப் பிடிச்சா கொஞ்சம் மெதுவாப் பிடி. வலிக்குது."

"எப்ப பிடிச்சேன்?"

"நடுவுல வந்து நேராக்கினியே. கண்ணை அசைக்கக்கூடாதுன்னு நான் பாக்கல. நீதானே?"

குழாய் சொட்டியது. அவள் கதவுக்கு வெளியேதான் நின்றிருந்தாள், பதினொரு நிமிடமும். கைப்பிடியைத் தொடக்கூட இல்லை. தட்டில் கிடந்த படத்தைப் பார்த்தாள். நாற்காலி, தங்கை, சுவர். வேறு எதுவும் விழவில்லை. விழாதுதான். இந்தத் தாளில் அசையாமல் இருப்பது மட்டுமே தங்கும். நடமாடுகிற எதுவும் தடமில்லாமல் போய்விடும். அது அவளைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்தில் "நான் இல்லடி" என்று சொல்லியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். வண்டு அப்புறம் அந்த அறைப்பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்திருக்கமாட்டாள். படம் நன்றாக வந்திருந்தது. அதனால், "ஆமாம், நான்தான்" என்றாள்.

அடுத்த மாதம் அதே மூன்று பேர், அதே பெட்டி. சுவரில் புதிய படங்கள் நான்கு. தங்கை எல்லோருக்கும் டீ கொடுத்தாள். எதையும் முனகவில்லை. கோப்பையைக் கொடுத்த கையைத் திரும்ப எடுக்க மறந்து அப்படியே நின்றாள். டாக்டர் அம்மா கையைத் தொட்டு, "போய் உட்காரும்மா" என்று சொன்ன பிறகுதான் நகர்ந்தாள். அவர்கள் போனதும் அக்கா பெட்டியைக் கவிழ்த்தாள். நான்கு. பென்சில் அழுத்தம் பின்பக்கம் புடைத்துத் தெரிந்ததை மட்டும் எடுத்தாள். மற்ற மூன்றை அவள் பிரிக்கவே இல்லை.

"இன்னும் மூச்சு விடுகிறாள்."

வெகுநேரம் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பயமாக இருந்தது. பயம்கூட நன்றாகத்தான் இருந்தது, கால் மரத்துப்போய் ரத்தம் திரும்ப ஓடும்போது குறுகுறுக்குமே, அதுபோல. பிறகு கத்தரிக்குப் போன் போட்டாள்.

"ரெண்டு சீட்டு போட்டீங்களா சார்?"

"நான் ஏம்மா ரெண்டு போடறேன்? என் சீட்டைப் படிச்சியா இல்லையா?"

பிரிக்காத மூன்று சீட்டுகளையும் அவள் கையால் ஓரமாகத் தள்ளினாள்.

"சரி, வாயாலயே சொல்லிடறேன். படம் எல்லாம் துல்லியமா இருக்கு. எனக்குப் பிடிக்கல. உன் தங்கச்சி ஒவ்வொரு படத்துலயும் ஒரு சுத்து மெலிஞ்சுக்கிட்டே வர்றா. கண்ணுல பயம். நீ அதைப் பாக்காம ஓரம் கூர்மையா இருக்கான்னு பாக்கற. நிறுத்திடும்மா."

"அது படத்தைப் பத்தின குறை இல்லையே சார்."

அந்தப் பக்கம் பெருமூச்சு. "உள்ளதைச் சொல்லுன்னு நீதான் கேட்டே. சொல்லிட்டேன். எடுத்துக்கறதும் எடுத்துக்காததும் உன் இஷ்டம்." போனை வைத்துவிட்டார். வயசாகிவிட்டது, மனசு இளகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நல்ல வெளிச்சம், மேகம் இல்லை. வண்டுக்குச் சளி பிடித்திருந்தது. மூச்சு விடும்போது மூக்கில் மெல்லிய விசில் சத்தம் வந்தது. நாற்காலி அருகே நின்று தயங்கினாள்.

"அக்கா, இன்னிக்கு வேணாமே."

"இது ஒண்ணே ஒண்ணுதான். அப்புறம் கேக்கமாட்டேன்."

"அப்ப நீயும் உள்ளயே இரு."

"தரை ஆடும்டி."

தங்கை அவளை ஒரு முறை பார்த்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரும்புக் கவையில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டாள். அவள் மூடியைத் திறந்தாள். வெளியே வந்து கதவைச் சாத்தினாள். டைமரைத் திருகினாள்.

வெளியே யாரோ பக்கெட்டை இழுக்கும் சத்தம். மாடியில் நாற்காலி நகரும் சத்தம். கதவின் பழைய வார்னிஷ் வாடை. கீழ் இடுக்கு வழியாக வெளிச்சம் ஒரு பட்டையாகக் காலடியில் விழுந்திருந்தது. உள்ளே அந்த விசில். உள்ளே, வெளியே. உள்ளே, வெளியே.

மூன்றாவது நிமிடம் வெளிச்சப் பட்டையில் ஏதோ குறுக்கே போனது.

பலகை அழுந்தியது. நாற்காலி இருக்கும் பக்கமாக.

"அக்கா." உதட்டை அசைக்காமல் பேசும் குரல். "கை ஜில்லுன்னு இருக்குக்கா."

அவள் தன் கைகளைக் குனிந்து பார்த்தாள். இரண்டும் டைமரைப் பிடித்திருந்தன.

இன்னும் ஏழு நிமிடம். ஒரு கையை எடுத்துக் கைப்பிடியில் வைத்தாள். திறந்து உள்ளே போனால் தரை ஆடும். தாள் போய்விடும். திறக்காவிட்டால். உள்ளே இருப்பது தங்கை. இனி அவளுக்கென்று இருக்கும் ஒரே ஆள். அது தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. தெரிந்தது, ஆனால் எங்கும் உறைக்கவில்லை.

"அக்கா."

கைப்பிடியை விட்டாள்.

விசில் வேகமானது. பிறகு துண்டு துண்டாக வந்தது. பிறகு ஏதோ மேலே பொத்தினாற்போல் அமுங்கியது. நாற்காலிக் கால் ஒன்று பலகையில் தட்டியது. இரண்டு முறை. மூன்று.

நின்றது.

ஐந்து நிமிடம். நான்கு. மாடியில் யாரோ சிரித்தார்கள். மூன்று. உள்ளே எதுவும் இல்லை. இரண்டு. ஒன்று.

டைமர் அடித்தது.

அவள் உள்ளே போனாள். நேராகக் கேமராவிடம். மூடியைப் போட்டாள். தாள் இருந்த சட்டத்தை உருவினாள். "முடிஞ்சுதுடி, எழுந்திரு" என்றாள், நாற்காலிப் பக்கம் பார்க்காமல். முதலில் படம். எப்போதும் முதலில் படம்தான்.

சிவப்பு வெளிச்சத்தில் முகம் எழுந்து வந்தது. புருவத்தின் ஒவ்வொரு முடியும். கீழுதட்டின் வெடிப்பு. காலரின் தையல், ஒவ்வொரு கண்ணியும். தோள் கலங்கவில்லை. மார்பு கலங்கவில்லை. எங்கும் புகை இல்லை. அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்து தட்டில் விழுந்தது. அம்மா போன ஒன்பது மாதத்தில் முதல் கண்ணீர். எவ்வளவு அழகு என்று நினைத்தாள். அழுகையோடு அழுகையாகத் தாளை விளக்கருகே தூக்கிப் பிடித்தாள்.

தாடை ஒரு மயிரிழை வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

யாரும் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்தது.

இன்னொரு தாளைச் சட்டத்தில் போட்டுக்கொண்டு அறைக்கு வந்தாள். வண்டு எழுந்திருக்கவில்லை. கைகள் மடியில். கண்கள் திறந்திருந்தன. மூக்கில் சத்தம் இல்லை.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுடி" என்றாள்.

குனிந்து தாடையைப் பிடித்தாள். தோலில் சூடு இல்லை. நேராக்கினாள். தலை சொன்ன பேச்சு கேட்டது. கண்கள் மட்டும் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால், கேமராவுக்குப் பக்கத்தில், ஓர் ஆள் உயரத்தில் நிலைகுத்தியிருந்தன.

பலகை அழுந்தியது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"இப்ப சரியா இருக்கா?" என்று கேட்டாள். "உள்ளதைச் சொல்லுங்க."

ஓர் அடி. இன்னும் ஓர் அடி. காதுக்குப் பின்னால் நின்றது.

தாடையைப் பிடித்திருந்த அவள் விரல்களின் மேல் ஜில்லென்று ஒரு கை வந்து படிந்தது. நிதானமாக, நுட்பம் தெரிந்தவர் செய்வதுபோல், கொஞ்சமே கொஞ்சம் இடப்பக்கம் திருப்பியது.