இடமிருக்கு, ஏறுங்கோ

சிவகௌரி கால் கழுவி வீட்டுக்குள் வந்த பிறகும் வேலிப் படலையடியில் யாரோ கால் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

விளக்கு வைத்துச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. குத்துவிளக்கின் எண்ணெய் மணமும் படையலில் மிஞ்சிய கணவாய்க் கறியின் மணமும் விறாந்தை வரை நிரம்பிக் கிடக்க, வேலிக்கப்பால், செம்பில் மொண்டு காலில் ஊற்றும் சத்தம் நிதானமாகக் கேட்டது. ஊற்றுவது, குதிக்காலைத் தேய்ப்பது, மறுபடி ஊற்றுவது. வந்த சனமெல்லாம் பின்னேரமே சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. செத்தவீட்டில் "போட்டு வாறன்" என்று சொல்லக் கூடாதே.

அன்று அவள் புருஷன் மயூரதனின் எட்டுச் செலவு, செத்த எட்டாம் நாள் படையல். மானிப்பாய் வழியாக யாழ்ப்பாணத்துக்கு மினிபஸ் ஓட்டியவர். ஊர் அவரைத் திட்டியதற்கும் வாழ்த்தியதற்கும் காரணம் ஒன்றுதான். ரோட்டில் ஒருவர் நின்றால் அவரால் விட்டுவிட்டுப் போக முடியாது. மிதிபலகையில் ஆள் தொங்கினாலும் பிறேக் போடுவார். "உள்ளுக்குத் தள்ளி நில்லுங்கோ. இடமிருக்கு, ஏறுங்கோ!" நெஞ்சுவலி வந்த அன்றும் பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத்தான் ஸ்டியரிங்கில் சாய்ந்தார். பயணிகளில் ஒருவருக்கும் சிராய்ப்புக்கூட இல்லை. அந்த மனுசன் இல்லாத வீட்டில் அவளால் இருக்க முடியவில்லை. பிள்ளை குட்டியும் இல்லை. இனி யாருக்குச் சமைப்பது?

படைத்த சோற்றில் ஒரு பங்கை முச்சந்தியில் வைப்பது ஆண்கள் வேலை. நான்தான் வைப்பேன் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். மயூரதனின் அக்கா உதயகலா திரும்பி வந்து கால் கழுவ, படலையடியில் வாளி நிறையத் தண்ணீர் வைத்துவிட்டு, போக முன் அவள் கையைப் பிடித்தாள்.

"வைச்சுப்போட்டுத் திரும்பிப் பாராமல் வா பிள்ளை. கூப்பிட்டுக் கீப்பிட்டுப் போடாதை. அந்தச் சந்தியிலை எங்கடை ஆள் மட்டுமில்லை நிக்கிறது."

"ஓம் மச்சாள்."

ஆனால் சோறு வைத்தபோது, தினமும் அவர் ஹோர்ன் அடித்து வருகையைச் சொல்லும் அந்தச் சந்தி வெறுமையாகக் கிடந்ததை அவளால் தாங்க முடியவில்லை. திரும்பிப் பார்த்தாள். "இஞ்சருங்கோ, வீட்டை வாங்கோ" என்று கதறினாள்.

இப்போது செம்பு வாளி விளிம்பில் தட்டியது. பிறகு ஒரு இருமல். காலையில் பஸ் எடுக்க முன் இருமும் அதே வறட்டு இருமல்.

வந்துவிட்டார். பயத்தோடேயே அவள் சிரித்தாள். டீசல் மணமும் திருநீற்று மணமும் கதவு இடுக்கால் வந்தன. வேறென்ன வேண்டும்? தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

கால் கழுவும் சத்தம் நிற்கவில்லை.

இருமல் விறாந்தையில். தண்ணீர் படலையடியில். இரண்டும் ஒரே நேரத்தில். ஒற்றை வாளித் தண்ணீர் எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும். ஒருவர் முடிக்க, அடுத்தவர் செம்பை வாங்கினார். ஊன்றுகோல் ஒன்று தட்டியது. சின்னக் கால்கள் ஓடின. டீசல் மணத்தை மூடிக்கொண்டு வேறு மணங்கள். கருகிய துணி. உப்புத் தண்ணீர். நெடுநாள் மூடிக்கிடந்த மண்.

எட்டும் முப்பத்தொன்றும் செய்ய ஆளில்லாமல் போனவர்கள் இந்த மண்ணில் எத்தனை பேர்! உதயகலா சொன்னது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"கௌரி, கதவைத் திற."

அவர் குரல்தான். அதே அன்பு.

"உங்களோடை ஆர்?"

"சந்தியிலை நிண்ட ஆக்கள். பாவங்கள். எப்பிடி விட்டிட்டு வாறது?"

"நீங்கள் மட்டும் வாங்கோ. கும்பிடுறன், நீங்கள் மட்டும்."

இருமல் படியிறங்கியது. தூரப் போனது.

"ஐயோ, போகாதேங்கோ!"

திறந்துவிட்டாள்.

விளக்கு அணைந்தது. குளிர்ந்த தோள் ஒன்று அவளை இடித்துக்கொண்டு உள்ளே போனது. இன்னொன்று. இன்னொன்று. அவள் முதுகு சுவரில் முட்டியது. நெஞ்சோடு நெஞ்சாக ஆட்கள். மூச்சில்லாத ஆட்கள். கை தூக்க இடமில்லை. மூச்சு இழுக்க இடமில்லை. ஏதோ ஒரு சின்னக் கை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டது.

வாசலில் அவர் குரல் உற்சாகமாகக் கேட்டது.

"உள்ளுக்குத் தள்ளி நில்லுங்கோ. இடமிருக்கு, ஏறுங்கோ!"

படலையடியில் இன்னும் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள்.