மௌன நாளுக்கு ஒரு சாட்சி

"சார்... அந்தக் குடையை மைக் பெட்டி மேலயா வைக்கிறீங்க? உள்ள கரண்ட் ஓடுது."

அவன் பதறிப்போய்க் குடையை எடுத்தான். அதிலிருந்த மழை முழுவதும் அவள் மடியில் கொட்டியது. மன்னிப்புக் கேட்க நிமிர்ந்தவனை முறைத்தாள். முறைப்பு பாதியிலேயே நின்றுபோனது. நனைந்த இமைகளுக்குள் அப்படியொரு மிரட்சி...

நாடாளுமன்றக் குழு கூடும் அறையில் மைக்குகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஊழியர்களுக்கு அவள் ‘மைக்கம்மா’. பேச வருபவர் சட்டையில் ஒயரில்லாத சின்ன மைக்கைச் செருகிவிட்டு, ஓரத்துக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டிக் குறைப்பாள். அவன் காலரில் செருகும்போது இருவரும் வேறு வேறு திசையில் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏதாவது பேசுங்க. சத்தம் பார்க்கணும்."

"என்ன பேசறது?"

"என்ன வேலை பார்க்கறீங்கன்னு சொல்லுங்க."

"பல் டாக்டர். நாள் முழுக்க அடுத்தவங்களை வாயைத் திற, திறன்னு சொல்றவன். இன்னிக்கு எனக்கே திறக்க மாட்டேங்குது."

சிரித்துவிட்டாள். எதைப் பற்றிப் பேசப்போகிறார் என்று கேட்டாள்.

"மௌன நாளை நாடு முழுக்க விடுமுறையாக்கணும்னு."

சிரிப்பு உதட்டிலேயே செத்தது.

மௌன நாள்... அது அவளுடைய நாள். அவள் பிறந்த சின்னச் சமயத்தின் முன்னோர்களைப் பிடித்துவைத்து, குருவின் மறைவிடத்தைக் கேட்டு வதைத்தபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த நினைவாக ஆண்டுக்கு ஒருநாள், விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அவர்கள் பேச மாட்டார்கள்.

அப்பா டெலிபோன் நிலையத்தில் இருந்தவர். ஒரு மௌன நாளில் காய்ச்சலென்று லீவு போட்டார். சந்தேகப்பட்ட அதிகாரி வீட்டுக்கே வந்து கேட்க, நல்ல உடம்போடு நின்ற அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. சில நாட்களில் அவர்கள் எந்தச் சமயமென்று தெருவுக்கே தெரிந்தது. ஜன்னல்கள் கல்லெறியில் உடைந்தன. ஊர் மாறினார்கள். அப்பா அதன்பின் அதிக காலம் இருக்கவில்லை. யாரிடமும் மூச்சு விடாதே என்பதுதான் அம்மா அவளுக்குச் சொல்லி வளர்த்த ஒரே பாடம். அவளும் வருடந்தோறும் தொண்டை கட்டிவிட்டதென்று லீவு போடுகிறாள். "உன் தொண்டைக்குக் காலண்டர் பார்க்கத் தெரியும்போல" என்று மேலாளர் போன வருடம் சிரித்ததில் பல நாள் தூக்கம் போனது.

கூண்டுக்குள் போய் ஹெட்போனை மாட்டினாள். இத்தனை வருடத்தில் செய்யாத தவறு அன்று நடந்தது. அவன் வெளியே போனபோது மைக்கை அணைக்க மறந்துவிட்டாள்.

வராந்தாவில் குழுவின் செயலர் அவனிடம் தன்மையாகப் பேசுவது காதில் விழுந்தது. கொஞ்சம் பேருக்காக நாடே கதவடைக்காது. வேண்டியவர்கள் அலுவலகத்தில் தங்கள் சமயத்தை எழுதிக் கொடுத்து விருப்ப விடுப்பு எடுத்துக்கொள்ளட்டும். இதற்குச் சம்மதித்தால் இன்றே முடிந்துவிடும் என்றார். அவர் போன பிறகு அவனுடைய மூச்சு மட்டும் கேட்டது. வேகமான மூச்சு. "பயமா இருக்கே..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கேட்கக்கூடாதுதான். ஹெட்போனைக் கழற்ற மனம் வரவில்லை.

எழுந்து போய் அவன்முன் நின்றாள்.

"அதுக்கு ஒத்துக்காதீங்க. மைக்கை மூட மறந்துட்டேன், எல்லாம் கேட்டுச்சு... எழுதிக் குடுத்து லீவு வாங்கணும்னா, யார் யாருன்னு ஊருக்கே தெரிஞ்சுடும். எல்லாருக்கும் லீவுன்னா யாரும் யாரையும் தேட வேண்டாம்."

அவன் அவளையே பார்த்தான். "இதை வந்து சொல்லச் சொல்லித்தான் எங்க ஆளுங்க வீட்டுக்கெல்லாம் போனேன். எல்லாரும் கதவைச் சாத்திட்டாங்க... உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"சும்மா... தோணுச்சு."

மேற்கொண்டு அவன் கேட்கவில்லை. அதுவே அவளுக்கு அழுகையை வரவழைத்தது. புரிந்துகொண்டுவிட்டான்... இனி இவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

கூட்டம் தொடங்கியது. விருப்ப விடுப்பு வேண்டாமென்று அவன் மறுத்தான். குழுத் தலைவர் கெட்டவரல்ல. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பொறுமையாகவே கேட்டார்.

"நீங்க சொந்தமா கிளினிக் வச்சிருக்கீங்க. யார்கிட்டயும் பொய் சொல்லி லீவு கேட்க வேண்டாம். இன்னிக்கும் பயந்து ஒளிஞ்சு வாழறவங்க இருக்காங்கன்னா, ஒருத்தரைக் காட்டுங்க. இல்லேன்னா விருப்ப விடுப்புன்னு எழுதி முடிச்சுடறேன்."

கூண்டின் பக்கம் அவன் தலையைத் திருப்பினால் தீர்ந்தது. அம்மா, வேலை, வீடு... எல்லாம்.

அவன் திரும்பவில்லை. மேசைமேலிருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்கிட்ட யாரும் இல்லீங்க."

ஹெட்போனில் அவன் மூச்சு உடைவது கேட்டது. அறையில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. இத்தனை நாள் அலைந்து கொண்டுவந்ததை எனக்காகத் தோற்கிறானே... தலைவர் பேனாவை எடுத்தார்.

அவள் தன் மைக்கின் பொத்தானை அழுத்தினாள்.

"ஐயா... கூண்டுலேர்ந்து பேசறேன். நான் ஒருத்தி இருக்கேன். வருஷா வருஷம் தொண்டை சரியில்லன்னு பொய் சொல்லித்தான் அந்த நாளைக் கடைப்பிடிக்கறேன்."

எல்லா முகங்களும் கண்ணாடிப் பக்கம் திரும்பின. கதவோரம் மேலாளரும் நின்றிருந்தார். அப்பாவுக்கு நடந்ததைச் சொன்னாள். ஜன்னல்கள் உடைந்ததைச் சொன்னாள். தலைவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, இன்னும் சாட்சிகளைக் கேட்காமல் முடிவெடுப்பதற்கில்லை என்று கூட்டத்தை ஒத்திவைத்தார். மேலாளர் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். அது கோபமா, வேறு ஏதாவதா... தெரியவில்லை.

மாலையில் அலுவலக வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. நாளைக்குப் பேப்பரில் வந்துவிடும். அதற்குமுன் அம்மாவிடம் சொல்லியாக வேண்டும்.

ஒரு படி கீழே அவன் வந்து உட்கார்ந்தான். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை என்றாள். "நானும் கூட வரேன்."

"வந்து?"

"திட்டுல பாதி எனக்கு விழட்டும்."

சிரிக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள். "ஒரு தடவை என் பக்கம் திரும்பியிருந்தா நீங்க ஜெயிச்சிருப்பீங்க. ஏன் திரும்பல?"

"திரும்பியிருந்தா விடுமுறை கிடைச்சிருக்கும். உங்க முகத்துல மறுபடி எப்படி முழிக்கிறது?" சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். "பார்த்து ஒரு நாள் ஆகல, தப்பா நினைக்காதீங்க... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

வேலை முடிந்து போன இரண்டு ஊழியர்கள் அவளைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை.

"எனக்கும்தான்," என்றாள். "பயமாத்தான் இருக்கு... ஆனா பிடிச்சிருக்கு. பஸ் வருது, எழுந்திரிங்க."