ஒரு கொடி, இரண்டு வண்டிகள்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். ‘திருகாணி’ என்றால்தான் திரும்புவாள். பதினொரு வயதில் அவளைப் போல ஸ்குரூடிரைவரைச் சுழற்ற அந்த வட்டாரத்திலேயே ஆள் கிடையாது.

அப்பா மணல்மேட்டில் வாடகைக்கு வண்டி விட்டார். குண்டுச் சக்கரங்கள் நான்கு வைத்த மணல் பைக். விடுமுறை நாள்களில் வெளியூர்க்காரர்கள் வருவார்கள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறுவார்கள், பள்ளத்தில் இறங்குவார்கள், ‘ஓ’வென்று கத்துவார்கள். கடைசியில் வாய் நிறைய மணலோடு திரும்பி வருவார்கள்.

“மண்ணைத் தின்னுட்டு அதுக்குக் காசும் குடுத்துட்டுப் போறாங்க பாரு!” என்று ஹெல்மெட்டுகளைத் துடைத்துக்கொண்டே அம்மா சிரிப்பாள்.

அப்பாவிடம் இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று சிவப்பு, இன்னொன்று நீலம்.

சிவப்பு நல்ல பிள்ளை. பதிவு அலுவலகத்தில் அதன் விளக்கைப் பார்த்தார்கள், பிரேக்கைப் பார்த்தார்கள், சைலன்சரைத் தட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒரு நம்பர் கொடுத்தார்கள். நீலத்தின் கதை வேறு. விலை மலிவாக இருக்கிறதே என்று அப்பா அவசரப்பட்டு வாங்கிவிட்டார். விற்றவர் கையெழுத்துப் போடாமலே ஊரைவிட்டுப் போய்விட்டார். “முன்னால வெச்சிருந்தவர் கையெழுத்து இல்லாம பதிவு பண்ண முடியாது” என்று அலுவலகத்தில் கையை விரித்துவிட்டார்கள்.

பதிவு இல்லாத வண்டி மணலில் இறங்கக் கூடாது. அது சட்டம். மணல்மேட்டின் வாசலில் பெரிய பலகையிலேயே எழுதி வைத்திருந்தார்கள். வண்டிக்குப் பதிவு நம்பர் வேண்டும். ஆள் உயரத்தைத் தாண்டும் கம்பியில் கொடி வேண்டும். பதினாறு வயதுக்குக் குறைந்தவர்கள் ஓட்டக் கூடாது. சாலையில் ஏற்றக் கூடாது. அந்தப் பலகையைப் படித்தவர்களைவிட அதன்மேல் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள்தான் அதிகம்.

அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். நம்பர் பலகையையும் கொடிக் கம்பியையும் ஒரே இரும்புப் பட்டையில் பொருத்தினார். பட்டைக்கு நான்கு திருகாணிகள். எந்த வண்டி வெளியே போகிறதோ அதன் முதுகில் பட்டை ஏறும்.

“அண்ணன் தம்பி ஒரே சட்டையை மாத்தி மாத்திப் போட்டுக்கறதில்லையா? அது மாதிரிதான்” என்பார் அப்பா.

அந்தச் சட்டையை மாற்றுகிற வேலை திருகாணியுடையது. அப்பாவின் தடித்த விரல்கள் அந்த இடுக்கில் நுழையாது. அவள் விரல்கள் நுழையும். கர் கர்ரென்று நான்கு சுற்று, முடிந்தது.

“என் பொண்ணு இல்லேன்னா என் கடையே இல்ல” என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அதைக் கேட்டால் அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியாது.

திருகாணிக்கு உயிர்த்தோழி ஒருத்தி இருந்தாள். சலவைக்கடைக்காரரின் மகள். பள்ளியில் அவளை முந்தி ஓட ஒருவரும் பிறக்கவில்லை என்பதால் எல்லோரும் ‘முயல்’ என்றார்கள். அடுத்த மாதம் பள்ளிகளுக்கு இடையே ஓட்டப் பந்தயம். முயல்தான் ஓடப் போகிறாள். அவள் ஓடாத நேரத்தில் தன் அப்பா தேய்த்து மடித்த துணிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். மணல்மேட்டுக்கு அந்தப் பக்கமும் நிறைய வீடுகள் இருந்தன. குறுக்கே போனால் சீக்கிரம் போய்விடலாம்.

“வண்டி வந்தா எப்படித் தெரியும்? மேட்டுக்குப் பின்னால இருந்தா கண்ணுக்கே தெரியாதே” என்று முயல் ஒருநாள் கேட்டாள்.

“அதுக்குத்தான் கொடி” என்றாள் திருகாணி, பெரிய மனுஷி மாதிரி. “வண்டி பள்ளத்துல இருந்தாலும் கொடி மேல தெரியும். ஆரஞ்சுக் கொடி ஆடுச்சுன்னா நில்லு. கொடி தெரியலேன்னா தைரியமா போ.”

“சத்தியமா?”

“எங்க அப்பா வண்டிடி! எனக்குத் தெரியாதா?”

அன்றிலிருந்து முயல் கொடியைப் பார்த்துத்தான் கடந்தாள்.

ஒரு விடுமுறை நாளில் கூட்டம் அலைமோதியது. சிவப்பு முதுகில் பட்டையோடு மணலின் மறுகோடியில் இருந்தது. இன்னொருவர் வந்து, வேறு வண்டி இல்லையா என்று பிடிவாதம் பிடித்தார். அப்பா நீலத்தைப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்தார்.

“அப்பா, இதுல நம்பர் இல்லியே?”

“ஒரே ஒரு ரவுண்டுதான். இந்த வெயில்ல எந்த ஆய்வாளர் வரப் போறாங்க?”

திருகாணி சாலையை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். ஆய்வாளரின் ஜீப் இல்லை. ‘சரி’ என்று தலையாட்டினாள். உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? அந்த நேரத்தில் அவளும் ஆய்வாளரைத்தான் நினைத்தாள். முயலை நினைக்கவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் மேட்டுக்குப் பின்னாலிருந்து ஓர் அலறல் கேட்டது.

எல்லோரும் ஓடினார்கள். மணலெங்கும் வெள்ளைச் சட்டைகள் கிடந்தன, மடிப்புக் கலையாமல் சில, சக்கரம் ஏறியவை சில. நடுவே முயல் கிடந்தாள். அவள் வலது கால், கால் இருக்க வேண்டிய மாதிரி இல்லை. நீல வண்டியை ஓட்டியவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

அப்பா முயலை இரண்டு கைகளிலும் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினார். அப்பா கெட்டவர் இல்லை. அதுதான் திருகாணிக்குப் பிறகு புரியாமல் போனது.

ஏனென்றால் மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்ததும் அதே கைகளால் நீல வண்டியைக் கொட்டகைக்குப் பின்னால் தள்ளினார். பழைய டயர்களுக்கு நடுவே நிறுத்தி, தார்ப்பாயைப் போட்டு மூடினார். ஓட்டியவரும் கூடி நின்ற வெளியூர்க்காரர்களும் அதற்குள் ஊருக்கே கிளம்பிவிட்டார்கள்.

“யார் கேட்டாலும் சிவப்புதான் போச்சுன்னு சொல்லணும். புரியுதா?”

“அப்பா, ஆனா முயலு…”

“நீலம்னு தெரிஞ்சா கடையை மூடிடுவாங்கம்மா. அப்புறம் எதைச் சாப்பிடறது? மணலையா?”

அந்த நகைச்சுவைக்கு அம்மா சிரிக்கவில்லை. ஒரே ஹெல்மெட்டைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் திருகாணி மருத்துவமனைக்குப் போனாள். முயலின் காலில் இடுப்பு வரை மாவுக்கட்டு. பக்கத்தில் சலவைக்கடைக்காரர் நின்று திட்டிக்கொண்டிருந்தார். பயந்துபோன அப்பாக்களுக்கு அழத் தெரியாது, திட்டத்தான் தெரியும்.

“எப்பப் பாரு ஓட்டம்! நின்னு பாத்துட்டுக் கடக்கத் தெரியாது?”

“பாத்தேன்பா. கொடி இல்லப்பா. எந்த வண்டி வந்துச்சுன்னுகூடத் தெரியல.”

“பொய் வேற சொல்றியா? நான் நேர்ல போய்ப் பாத்துட்டுத்தான் வரேன். பதிவு பண்ணின வண்டி. இவ்வளவு உயரத்துக்குக் கொடி நிக்குது. உனக்கு மட்டும் தெரியலயா?”

முயல் தலையைத் திருப்பினாள். கண்கள் வீங்கியிருந்தன.

“திருகாணி, நீ சொல்லுடி. கொடி தெரியலேன்னா போகலாம்னு நீதானே சொன்ன? நான் பாத்துட்டுத்தான் போனேன். கொடி இல்ல. நீ சொன்னா அப்பா நம்புவாரு.”

திருகாணி வாயைத் திறந்தாள். உள்ளே இருந்து ஒன்றும் வரவில்லை. மணலைத் தின்றவள் மாதிரி நின்றாள்.

“பாத்தியா? உன் தோழியே பேசாம நிக்கிறா” என்றார் சலவைக்கடைக்காரர்.

டாக்டர் வந்தார். எலும்பு சேர்ந்துவிடும், நடந்துவிடுவாள் என்றார். “பந்தயம்?” என்று முயல் கேட்டாள். “முதல்ல நடக்கலாம்மா” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மறுநாள் காலையில் ஆய்வாளரின் ஜீப் வந்தது. நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய ஒரு பெண் இறங்கினார். அப்பா சிவப்பு வண்டியைக் கொட்டகை வாசலில் பளபளவென்று துடைத்து நிறுத்தியிருந்தார்.

“இடிச்ச வண்டி இதுதானா?”

“இதேதான் மேடம். நம்பர் இருக்கு, கொடி இருக்கு, லைட் எரியுது. பலகையில போட்டிருக்கிற அத்தனையும் இருக்கு.”

ஆய்வாளர் வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து முன்பக்கக் கம்பியைத் தடவிப் பார்த்தார்.

“ஒரு பொண்ணோட கால் உடைஞ்சிருக்கு. இதுல ஒரு கீறல்கூட இல்லையே?”

“லேசாதான் பட்டிருக்கும் மேடம். அந்தப் பொண்ணு எப்பவும் அப்படித்தான். குறுக்க பாஞ்சிடுச்சு.”

லேசா!

திருகாணியின் காதில் அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. இடுப்பு வரை மாவுக்கட்டு. அது லேசா? அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமல் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் சுவரில் தொங்கிய ஸ்குரூடிரைவரை எடுத்தாள்.

ஏதோ தளர்ந்திருக்கிறது, இறுக்கப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் சிவப்பு வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். கர் கர். திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டாள். பட்டை கையோடு வந்தது. நம்பரும் கொடியும் அதோடு வந்தன.

“ஏய், என்ன பண்றே?” என்றார் அப்பா.

அவள் வாய் நிறையத் திருகாணிகள். கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் நடந்தாள். ஆய்வாளர் பின்னாலேயே வந்தார். அவள் தார்ப்பாயைப் பிடித்து இழுத்தாள். முழுப் பூசணிக்காயை எவ்வளவு நேரம்தான் சோற்றில் மறைப்பது? நீல வண்டி வெளியே வந்தது. அதன் முன்பக்கக் கம்பி வளைந்திருந்தது. கம்பியின் இடுக்கில் ஒரு வெள்ளைச் சட்டைக் கிழிசல் சிக்கியிருந்தது.

அவள் பட்டையை நீலத்தின் முதுகில் வைத்து நான்கையும் முடுக்கினாள். துளைகள் அச்சாகப் பொருந்தின. கொடி காற்றில் ஆடியது.

“இப்படித்தான் மேடம் மாத்துவோம்” என்றாள். “நான்தான் மாத்துவேன். நேத்து கொடி சிவப்புல இருந்துச்சு. முயலை இடிச்சது இது. இதுல கொடி இல்ல. கொடி தெரியலேன்னா கடக்கலாம்னு அவளுக்குச் சொன்னதும் நான்தான். அவ பாஞ்சு ஓடல. பாத்துட்டுத்தான் கடந்தா.”

ஆய்வாளர் கிழிசலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் திரும்பினார்.

“கொடி எனக்குக் காட்டறதுக்குன்னு நெனச்சீங்களா?”

அப்பா ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அன்றே இரண்டு வண்டிகளையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கொட்டகைக்குப் பூட்டு விழுந்தது. சாயங்காலம் அப்பா ஒரு டயர் கடையில் வேலை கேட்கக் கிளம்பினார். செருப்பை மாட்டும்போது, “கதவைச் சாத்திக்கோ” என்று சொல்லி அவள் பெயரைச் சொன்னார். திருகாணி என்று இல்லை. வீட்டில் வைத்த பெயரை. முதல் தடவையாக அந்தப் பெயருக்கு அவள் திரும்பிப் பார்த்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

முயலிடம் ஓடினாள்.

“சொல்லிட்டேன்டி. எல்லாத்தையும் சொல்லிட்டேன்.”

“தெரியும். ஆய்வாளர் வந்து அப்பாகிட்ட சொன்னாங்க. அப்பா அழுதாரு.” முயல் மாவுக்கட்டின் ஓரத்தை விரலால் தடவினாள். “ஆனா நேத்து நான் கேட்டப்ப நீ சும்மா நின்ன.”

முயல் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருகாணி கட்டிலுக்கு அருகில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாளும் போனாள். அதற்கு அடுத்த நாளும் போனாள். முயல் ‘வா’ என்று சொல்லவில்லை, ‘போ’ என்றும் சொல்லவில்லை.

ஓட்டப் பந்தயம் வந்தது. வேறு யாரோ ஓடினார்கள், வேறு யாரோ ஜெயித்தார்கள்.

நீலம் திரும்பி வரவில்லை. அதைப் பழைய இரும்புக்கு நொறுக்கிவிட்டார்கள். அபராதம் கட்டி முடித்த பிறகு கொட்டகைப் பூட்டைத் திறந்துவிட்டார்கள், சிவப்பு மட்டும் வந்தது. வந்த அன்று அப்பா கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெல்டிங் வேலையில் இறங்கினார். நம்பர் பலகை, கொடிக் கம்பி எல்லாவற்றையும் வண்டியோடு வைத்துப் பற்றவைத்துவிட்டார். இனி அதைக் கழற்ற ஒரு திருகாணியும் இல்லை. சுவரில் ஸ்குரூடிரைவர் சும்மா தொங்கியது.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். கையில் ஒரு புது ஆரஞ்சுத் துணி இருந்தது.

“திருகாணி” என்றார். அவ்வளவு நாள் கழித்து. “இதைக் கம்பியில கட்டு. அவுறாத மாதிரி கட்டு.”

அவள் இறுக்கிக் கட்டினாள்.

அடுத்த நாள் மணல்மேட்டின் ஓரத்தில் முயல் வந்து நின்றாள். ஒரு கையில் தேய்த்த துணி மூட்டை, இன்னொரு கையில் ஊன்றுகோல். திருகாணி மேட்டைப் பார்த்தாள். எங்கும் கொடி ஆடவில்லை.

“வண்டி கொட்டகையில இருக்கு. கொடி இல்ல. போகலாம்” என்றாள்.

முயல் நகரவில்லை. மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

“முதல்ல நீ போ.”

திருகாணி போனாள். பாதையின் நடுவில் நின்றாள். மேட்டைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஊன்றுகோல் மணலில் புதைந்து புதைந்து எழுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அந்தக் கரைக்குப் போய்ச் சேரும்வரை அவள் கைகளை இறக்கவில்லை.