தூசி நீக்கிய பிரதி

பையன் தலையைத் திருப்பியிருந்தான்.

பழைய குழந்தைகள் நிகழ்ச்சிகளை டிவிடியாக வெளியிடும் கம்பெனியில், பிலிமில் படிந்த தூசியையும் கீறலையும் கம்ப்யூட்டரில் பிரேம் பிரேமாக அழிப்பது அவள் வேலை. இந்த நிகழ்ச்சியில் கதை சொல்லும் மாமாவைச் சுற்றிக் குழந்தைகள் பெஞ்சுகளில் உட்கார்ந்திருப்பார்கள். கடைசி பெஞ்சின் ஓரத்தில் இருப்பவன் அவள் மகன். படம் பிடித்த மறுமாதமே காய்ச்சலில் போய்விட்டான். இருந்திருந்தால் இப்போது தாடி வைத்துக்கொண்டு அவளோடு வம்புக்கு நிற்பான். அவன் அசைவதும் சிரிப்பதும் உலகத்தில் இந்த ஒரு சுருளில்தான் மிச்சம். அதற்காகவே கெஞ்சிக் கூத்தாடி இந்த வேலையை வாங்கினாள். நேற்றுவரை மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தவன் இன்று இவளைப் பார்த்தான்.

பயம் வரவில்லை. அழுகைதான் வந்தது. பழைய பிலிமின் புளித்த வாடையும் ஏசியின் முனகலும் நிறைந்த அந்த ஜன்னலில்லாத அறையில், கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி ஓட்டினாள். இம்முறை அவன் எழுந்து நின்றான். இன்னொரு தடவை ஓட்டியபோது நடு பெஞ்சைத் தாண்டியிருந்தான், மற்ற குழந்தைகள் எதையும் கவனிக்காமல் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒலி சரிசெய்பவர் கதவைத் தள்ளித் தலையை மட்டும் நீட்டினார். "என்னக்கா, இன்னும் அதையே பாத்துட்டிருக்கீங்க? டிஸ்க் கடைக்கே போயாச்சு. கிளம்புங்க."

"இதோ, ஒரே ஒரு தடவை."

அவர் போனதும் ஓட்டினாள். மகனின் முகம் திரை நிறைய வந்தது. அப்போதுதான் அவன் தோள் கண்ணில் பட்டது.

அங்கே ஒரு கறுப்புக் கறை இருந்தது. தூசி என்றால் ஒரு பிரேமில் வரும், அடுத்ததில் போய்விடும். பிரேமுக்குப் பிரேம் அதே இடத்தில் நிற்பது தூசியில்லை, படத்தில் உள்ளது, தொடக்கூடாது. புதிதாகச் சேர்பவர்களுக்கு இவள் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அது. ஆனால் இந்தச் சுருளைச் சுத்தம் செய்தபோது பெற்ற மனசு கேட்கவில்லை. பிள்ளைமேல் அழுக்கு எதற்கென்று அவன் பின்னால் நெடுக நின்ற கறுப்பு முழுவதையும் அன்றே அழித்திருந்தாள். தோளில் கொஞ்சம் விட்டுப்போயிருந்தது.

கறையில்லை. விரல்கள்.

நீளமான விரல்கள். பின்னால் ஆள் இல்லை. இவள்தான் அழித்துவிட்டாளே.

பிள்ளை நடந்து வரவில்லை. தள்ளிக்கொண்டு வருகிறது அது. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும், கொஞ்சம் கொஞ்சமாக. அவன் அழுதுகொண்டிருந்தான். சத்தமில்லாமல் உதடுகள் அசைந்தன. திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னான்.

படத்தைப் போடாதேம்மா.

ஒயரைப் பிடுங்கி எறிந்தாள். திரை அணைந்தது. இனி ஓட்டமாட்டேன்டா கண்ணா, சத்தியமா ஓட்டமாட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னாள்.

போன் அடித்தது. தங்கை.

"அக்கா, டிஸ்க் வாங்கிட்டோம்! அண்ணனைப் பாக்கணும்னு இவ திரும்பத் திரும்பப் போட்டுட்டே இருக்கா."

பின்னால் தங்கை மகளின் குரல் கேட்டது. "பெரியம்மா! அண்ணன் டிவிகிட்டயே வந்துட்டான். ஏன் அழறான்?"

"நிறுத்துடி! அதை நிறுத்தச் சொல்லு!"

"ஏன்க்கா கத்துற? எங்க வீட்ல மட்டுமா? தெரு முழுக்க இதான் ஓடுது. ஜன்னலைத் திறந்தா எல்லா வீட்லயும் அந்த மாமா குரல்தான்."

போன் கையிலிருந்து நழுவியது.

ஒயர் தரையில் கிடந்தது. திரையில் வெளிச்சம்.

பஸ் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொள்ளும் பிள்ளையைப் போல அவன் மூக்கு கண்ணாடியில் நசுங்கியிருந்தது. இன்னும் நசுங்கியது. எங்கோ யாரோ மறுபடி போடுகிறார்கள். இன்னும்.

இத்தனை காலம் வரமாட்டானா என்று ஏங்கியவள், இரண்டு கைகளாலும் அவனை உள்ளே தள்ளினாள்.

"போடா கண்ணா. உள்ள போ. வராதே."

அவன் வாயைத் திறந்தான். அந்த விரல்கள் தோளிலிருந்து மெல்ல ஏறி, அதைப் பொத்தின.